பிக்கப் வண்டி சில நேரம் ஸ்டார்ட் ஆகிறது, சில நேரம் ஆகவில்லை. பேட்டரி மாற்றியும் பயனில்லை. என்ன காரணம்?

பேட்டரியை மாற்றிவிட்டீர்கள். அடுத்து செல்ஃப் மோட்டாரை, அதாவது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டரை, மாற்றச் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். முதலில் எர்த் வயரைப் பாருங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து சாசிக்கு (வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு) போகும் தடித்த கேபிளையும், சாசியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பின்னல் பட்டையையும் சொல்கிறேன்.

டீசலா பெட்ரோலா என்று நீங்கள் எழுதவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி, இன்ஜின் சுற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது டீசல் லைனில் காற்று, ஹீட்டர் பிளக் என்று வேறு பக்கம் போகும். இந்தப் பதில் அதற்கு உதவாது.

என்னுடையது பழைய டீசல் பிக்கப். காலையில் ஒரே திருப்பில் எடுக்கும். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பக் கிளம்பும்போதுதான் தகராறு. டேஷ்போர்டு விளக்கு எரியும், ஹெட்லைட் பளிச்சென்று இருக்கும், ஹாரன் அலறும், செல்ஃப் மட்டும் எடுக்காது. கொஞ்ச நேரம் விட்டுத் திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டாலும் உடனே எடுக்கும். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் "பேட்டரி போச்சு" என்றார்கள். புதுப் பேட்டரி வந்தது. பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ், சொலினாய்டு (சாவியைத் திருப்பும்போது மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்ச்) எல்லாம் மாற்றினார்கள். தகராறு அப்படியே இருந்தது.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் வண்டி சமர்த்தாக எடுக்கும். "இங்க நல்லாத்தானே எடுக்குது, நீங்க சாவிய எப்படித் திருப்புறீங்க?" என்று கேட்டார் மெக்கானிக். வருடக்கணக்காக அந்த வண்டியை ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதே சமயத்தில் ஆக்சிலேட்டர் கேபிளின் மேலுறை உருகிப்போயிருந்தது. நான்தான் கவனித்துக் காட்டினேன். "சைலன்சர் சூடு" என்று சொல்லி வேறு கேபிள் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கேபிள் சைலன்சர் பக்கமே போகவில்லை.

விடை அந்த உருகிய கேபிளிலேயே இருந்தது. டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். பாசிட்டிவ் கேபிளில் போகிற அத்தனை கரண்டும் இன்ஜின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். எர்த் பட்டை சரியாகத் தொடாவிட்டால் ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எந்தக் கம்பி கிடைத்தாலும் அதன் வழியாகத் திரும்பும். மெல்லிய கம்பி அவ்வளவு கரண்டைத் தாங்காது, சூடேறி உறையை உருக்கும். இதை யோசித்திருந்தால் பேட்டரியும் மிச்சம், மோட்டார் வேலையும் மிச்சம்.

ஹெட்லைட் எரிவதை வைத்து "எர்த் நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன் எர்த் பெரும்பாலும் பாடியிலேயே முடிந்துவிடும், இன்ஜின் பட்டைப் பக்கம் போகாது. அந்த வழியாகவே போனாலும் விளக்கில் வித்தியாசம் தெரியாது. தொடுப்பில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 10 ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கு 0.1 வோல்ட்தான் இழப்பு, கண்ணுக்கே தெரியாது. 200 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 2 வோல்ட் போய்விடும். அடைத்த குழாயில் சொட்டுத் தண்ணீர் வரும், வாளி நிறையாது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் இவ்வளவு சின்னத் தடை பிடிபடாது. கரண்ட் ஓடும்போது வோல்ட்டைத்தான் அளக்க வேண்டும்.

ஜம்பர் போட்டதும் எடுத்ததற்கும் இதுவே காரணம். கறுப்புக் கிளிப்பை இன்ஜின் இரும்பில் மாட்டினோம். பேட்டரிக்குப் பக்கத்தில் தீப்பொறி வரக்கூடாது என்பதால் அப்படித்தான் மாட்டவும் வேண்டும். அதனாலேயே கெட்ட எர்த்தைச் சுற்றிக்கொண்டு கரண்ட் போக நல்ல வழி கிடைத்தது. பழி பேட்டரி மேல் விழுந்தது.

பிறகு மல்டிமீட்டரை வண்டியிலேயே வைத்துக்கொண்டேன். அடுத்து மக்கர் பண்ணியபோது அதே இடத்தில் பானெட்டைத் திறந்து, சிவப்பு முள்ளை இன்ஜின் இரும்பிலும் கறுப்பு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்தேன். கூட வந்த தம்பி சாவியைத் திருப்பினான். 0.5 வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடத்தில் 4 வோல்ட்டுக்கு மேல் ஏறியது. பேட்டரியிலோ 12க்குப் பக்கத்திலேயே நின்றது. பட்டையின் சாசிப் பக்க போல்ட் வெளியிலிருந்து பார்க்க இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினால் லக்குக்கு (பட்டை முனையில் போல்ட் போகும் உலோக வளையத்துக்கு) அடியில் பெயின்ட்டும் துருவும். இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது, சுமைக்கு ஏற்ப சாசி முறுக்குகிறது, லக் ஒரு நூல் நகர்ந்தால் தொடுப்பு மாறிவிடும். சில நேரம் எடுப்பதும் சில நேரம் எடுக்காததும் அதனால்தான். இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் பட்டை மாட்டி, மேலே வேசலின் தடவினேன். அதன் பிறகு அந்தத் தகராறு வரவேயில்லை.

"இப்போதைய வண்டியில் இம்மொபிலைசர் (திருட்டுச் சாவிக்குக் கிளம்பாமல் தடுப்பது), கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கு, இவர் பழைய கதை பேசுகிறார்" என்று யாராவது வருவார்கள். வரட்டும். அந்தக் கம்ப்யூட்டருக்கும் எர்த் வேண்டும். எல்லா வண்டிக்கும் இதுதான் நோய் என்று சாதிக்கவில்லை. செலவில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள் என்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிக்கப் வைத்திருப்பவனிடம் சொந்தக்காரர்கள் எல்லோரும் வீடு மாற்ற வண்டி கேட்கிறார்கள். கொடுக்கிறோம். டீசல் முள் அடியில் கிடக்கத் திரும்பி வருகிறது. எங்கேயோ இடித்த கீறலைப் பற்றி ஒரு வார்த்தை வராது. இந்தத் தகராறு இருந்த காலத்தில் வாங்கிப்போன ஒருவர் வண்டி வழியில் நின்றதும் போன் போட்டு, "வண்டிய ஒழுங்கா வெச்சிக்கத் தெரியாதா மாப்ள?" என்று கேட்டார். முன்பே சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருந்தேன். இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை, அதற்காகக் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வண்டி எடுக்காத நேரத்தில் நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஜம்பர் கேபிளில் கறுப்பை மட்டும் எடுத்து ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பிலும் மாட்டிச் சாவியைத் திருப்புங்கள். எடுத்தால் எர்த்தான் கோளாறு. எடுக்காவிட்டால் பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே, சாவியைத் திருப்பியபடி, இழப்பை அளக்கச் சொல்லுங்கள். அங்கேயும் 0.5 வோல்ட்தான் எல்லை. அதுவும் சரி, 'டக்' சத்தம்கூட வரவில்லை என்றால் சொலினாய்டுக்கு வரும் சின்ன வயரில், அதாவது 50 என்று எண் போட்ட முனையில், சாவியைத் திருப்பும்போது கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே, கிளட்ச் பெடல் சுவிட்ச் இந்த மூன்றில் ஒன்று. வந்தும் சுற்றாவிட்டால் மட்டும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுங்கள்.