ஏழு கோல் வித்தியாசம்: இங்கிலாந்து மகளிர் சூப்பர் லீக் 2023-24, கேள்வி பதில்

இங்கிலாந்து மகளிர் சூப்பர் லீகின் 2023-24 சீசனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்தவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வசவுகளை எடுத்துவிட்டேன். இரண்டுதான் இருந்தன, இரண்டும் மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள். அவர்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது.

அக்கா, நான் கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவன். இந்த சீசனில் அப்படி என்ன விசேஷம்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

2024 மே 18, சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு நீங்கள் எங்கே இருந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும் தம்பி. பெங்களூரில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டம். தோற்றாலும் பரவாயில்லை, 201 எடுத்தால் பிளே-ஆஃப் என்ற நிலைமை. 191-ல் நின்றார்கள். புள்ளி சமம், நெட் ரன் ரேட்டில் வெளியே.

சரியாக அதே ஏழரை மணிக்கு இங்கிலாந்தில் கடைசி நாள் ஆட்டங்கள் தொடங்கின. செல்சிக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும் ஆளுக்கு 52 புள்ளி. கோல் வித்தியாசத்தில் (அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வருவது) செல்சி இரண்டே இரண்டு கோல் முன்னால்: 47-க்கு 45. செல்சி ஓல்ட் ட்ராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெடை 6-0 என்று அடித்தது. சிட்டி ஆஸ்டன் வில்லாவை 2-1 என்று வென்றது. 55-க்கு 55. கோல் வித்தியாசம் 53-க்கு 46. கோப்பை செல்சிக்கு. எங்கள் வீட்டில் டிவியில் மஞ்சள் சட்டைக்காக எல்லாரும் தலையில் கை வைத்திருந்தபோது நான் மூலையில் செல்போனை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறி எண்ணிக்கொண்டிருந்தேன். தசமப் புள்ளியில் ஒரு பக்கம் சாவு, கோல் கணக்கில் மறுபக்கம் கல்யாணம்.

மொத்தம் எத்தனை அணிகள்? எல்லாரும் முழுநேர வீராங்கனைகளா?

அந்த சீசனில் 12 அணிகள். சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆளுக்கு 22 ஆட்டம். 2018-19 முதல் எல்லாம் முழுநேரத் தொழில்முறை அணிகள்தான். முதல் மூன்று இடத்துக்கு ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் வாய்ப்பு, கடைசி இடம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் என்பது அப்போதைய விதி.

சிட்டியை செல்சி ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. அப்புறம் எப்படி செல்சி சாம்பியன்? அநியாயம் இல்லையா?

லீக் ஆட்டங்களைப் பொறுத்தவரை தகவல் சரி. 2023 அக்டோபரில் சிட்டி ஊரில் 1-1. பிப்ரவரியில் செல்சியின் சொந்த மைதானமான கிங்ஸ்மெடோவில் கதீஜா ஷா அடித்த ஒரே கோலில் சிட்டி 1-0. ஸ்பெயின் ஆண்கள் லீக் மாதிரி, புள்ளி சமமானால் இருவரும் மோதிய ஆட்டங்களைப் பார்க்கும் விதி இங்கே இருந்திருந்தால் கோப்பை மான்செஸ்டருக்குப் போயிருக்கும். இங்கிலாந்தில் முதலில் பார்ப்பது கோல் வித்தியாசம். சீசன் தொடங்கும் முன்பே எல்லாருக்கும் தெரிந்த விதி, அதனால் அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த அக்டோபர் ஆட்டத்தை நினைத்தால் எனக்கே சிட்டி மேல் பரிதாபம் வரும். 1-0 முன்னால் இருந்தார்கள். கேப்டன் அலெக்ஸ் கிரீன்வுட் ஃப்ரீ கிக் எடுக்க நேரம் கடத்தினார் என்று இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியே. பிறகு லாரன் ஹெம்ப்புக்கும் சிவப்பு. ஒன்பது பேரோடு, 90 நிமிடம் தாண்டிய இஞ்சுரி டைம் வரை தாக்குப்பிடித்தார்கள். கடைசி மூச்சில் குரோ ரைட்டன் சமன் செய்துவிட்டார். அந்த ஒரு கோலைத் தடுத்திருந்தால் சிட்டிக்கு இரண்டு புள்ளி கூடுதல், செல்சிக்கு ஒன்று குறைவு. மே மாதத்தில் யாரும் கால்குலேட்டரைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

செல்சி பயிற்சியாளரே “பட்டம் போச்சு” என்று சொன்னதாகப் படித்தேன். உண்மையா, நாடகமா?

சொன்னார். மே 1 அன்று லிவர்பூலிடம் 4-3 என்று தோற்றபின் எம்மா ஹேய்ஸ் பட்டம் கைவிட்டுப் போய்விட்டதாக வெளிப்படையாகவே பேசினார். கணக்கைப் பாருங்கள்: சிட்டி 20 ஆட்டத்தில் 52, செல்சி 19 ஆட்டத்தில் 46. ஒரு ஆட்டம் கையிருப்பு என்றாலும் ஆறு புள்ளி பின்னால். அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் லீக் கோப்பை என்ற தனி நாக்-அவுட் போட்டியின் இறுதியில் ஆர்சனலிடம் தோல்வி, இன்னொரு நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் யுனைடெடிடம் தோல்வி, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவிடம் தோல்வி. 12 வருடம் கட்டிக்காத்த கிளப்பை விட்டு அமெரிக்க தேசிய அணிக்குப் போகும் சீசனில் ஒரு கோப்பைகூட இல்லாமல் போகப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். எதிராளி மேல் பாரத்தை ஏற்றிவிடும் தந்திரம் என்று சிலர் சொல்வார்கள். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நாலு நாள் கழித்து, மே 5. சிட்டி சொந்த ஊரில் ஆர்சனலை 1-0 என்று வென்றுகொண்டிருக்கிறது, 89-வது நிமிடம். ஆர்சனலின் ஸ்டினா பிளாக்ஸ்டீனியஸ் ஒன்று போட்டார். இஞ்சுரி டைமில் இன்னொன்று. 2-1. அதே நாள் செல்சி பிரிஸ்டல் சிட்டியை 8-0 என்று வென்றது. பத்து நாள் கழித்து டாட்டன்ஹாமை 1-0 என்று தாண்டியதும் 52-க்கு 52. அதில் வேடிக்கை, செல்சியை இந்தப் பாடு படுத்தியும் காப்பாற்றியும் விட்டது ஒரே அணி: அந்த ஆர்சனல்.

அந்த 8-0 பற்றி. ஏற்கெனவே கீழே இறங்கிவிட்ட அணியைப் போட்டு எட்டு அடிப்பது பெருமையா? எனக்கு அசிங்கமாகத்தான் தெரிந்தது.

உங்கள் ஈரமான மனசுக்கு வணக்கம், ஆனால் நான் உடன்படவில்லை. பிரிஸ்டல் அந்த வருடம்தான் மேலே வந்த அணி. 22 ஆட்டத்தில் ஒரே வெற்றி, ஆறு புள்ளி. பெரிய கிளப்புகளோடு பணத்தில் மோத வாய்ப்பே இல்லை. அந்த இடைவெளி இந்த லீகின் நிஜமான பிரச்சினை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோல் வித்தியாசம் என்ற விதியை வைத்துவிட்டு நான்காவது கோலோடு நிறுத்து என்று யாரிடமும் சொல்ல முடியாது. கடைசியில் சிட்டிக்கும் செல்சிக்கும் இடையில் இருந்தது ஏழு கோல். பிரிஸ்டலை செல்சி 1-0 என்று ஜெயித்திருந்தால் கடைசிக் கணக்கு 46-க்கு 46 ஆகியிருக்கும். ஓல்ட் ட்ராஃபோர்டு ஆறு கோலைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் கோப்பை கிங்ஸ்மெடோவில், யாரும் பெரிதாகக் கவனிக்காத அந்த ஆட்டத்தில்தான் ஜெயிக்கப்பட்டது.

கடைசி நாள் யுனைடெட் ஏன் அப்படிப் படுத்துவிட்டது? விலைபோய்விட்டார்களா?

இல்லை. ஆறு நாள் முன்னால்தான் வெம்ப்ளியில் 76,082 பேர் முன்னால் டாட்டன்ஹாமை 4-0 என்று வென்று எஃப்ஏ கோப்பையைத் தூக்கியிருந்தார்கள். லீகில் ஐந்தாவது இடம், ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. திருவிழா முடிந்த மறுநாள் கடைத்தெரு மாதிரி இருந்தது அவர்கள் ஆட்டம். எதிரில் கொலம்பியாவின் மைரா ராமிரெஸ் இரண்டாவது நிமிடத்திலேயே கோல் அடித்தார். இடைவேளைக்குள் 4-0. ஆறாவது கோலை அடித்தது ஃபிரான் கெர்பி, அவருக்கும் செல்சியில் அதுவே கடைசி லீக் ஆட்டம். அந்தக் கோலுக்கு நான் கத்திய கத்தலில் சென்னைக்காகத்தான் கத்துகிறேன் என்று பக்கத்து வீட்டில் நினைத்திருப்பார்கள்.

கதீஜா ஷா இருந்திருந்தால்?

இதைக் கேட்காத சிட்டி ரசிகர் கிடையாது. ஜமைக்காக்காரர், 18 ஆட்டத்தில் 21 கோல், அந்த சீசனில் அதிகம் அடித்தவர். பாதத்தில் காயம் பட்டுக் கடைசி இரண்டு ஆட்டத்திலும் இல்லை. ஆர்சனலோடு அவர் இருந்து இன்னொரு கோல் போட்டிருந்தால் கதை மாறியிருக்கும். ஆனால் செல்சிக்கு முன்கள வீராங்கனை சாம் கெர் ஜனவரியிலிருந்தே இல்லையே. மொராக்கோ பயிற்சி முகாமில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதனால்தான் அந்த மாதமே ஸ்பெயினின் லெவாண்டேயிலிருந்து ராமிரெஸை எடுத்தார்கள். அடுத்த மாதமே இன்னொரு முன்கள வீராங்கனை மியா ஃபிஷலுக்கும் அதே தசைநார் காயம். காயக் கணக்கில் இரண்டு தட்டும் சமம்தான்.

மேடம், என் மகள் எட்டாம் வகுப்பு, கோல்கீப்பர். இந்த சீசனில் அவள் யாரைப் பார்க்கலாம்?

சிட்டியின் கியாரா கீட்டிங். 19 வயதில் ஒன்பது ஆட்டங்களில் கோல் விடாமல் காத்து கோல்டன் க்ளவ் வாங்கினார், அதுவரை வாங்கியவர்களில் மிக இளையவர். நல்ல ஆட்டங்களை விட, நவம்பரில் ஆர்சனலோடு ஆடியதை முதலில் போட்டுக் காட்டுங்கள் ஐயா. கடைசி நேரத்தில் பந்தைத் தவறவிட்டு பிளாக்ஸ்டீனியஸுக்கு வெற்றிக் கோலைத் தாரை வார்த்தார். அடுத்த வாரமும் அவரையே கோல் காக்க நிறுத்தினார்கள். உங்கள் மகளின் பயிற்சியாளரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

சாக்ஸ் கதை என்று ஏதோ சொல்கிறார்களே, என்ன அது?

மார்ச் 15, ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் செல்சி–ஆர்சனல். இரண்டு அணியும் வெள்ளை சாக்ஸோடு வந்து நின்றன. ஆட்டம் அரை மணி நேரம் தள்ளிப்போனது. ஆர்சனல்காரர்கள் செல்சியின் கடையிலேயே போய் கறுப்பு சாக்ஸ் வாங்கி, மேலே இருந்த நிறுவனச் சின்னத்தை டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடினார்கள். 3-1 என்று தோற்றார்கள். உலகத்தரம் என்று மார்தட்டும் லீகில் பள்ளி ஆண்டு விழா நாள் கூத்து.

கூட்டம் வருகிறதா? ஆண்கள் ஆட்டத்தோடு ஒப்பிட்டால்?

ஆர்சனலுக்கு வருகிறது. 2024 பிப்ரவரி 17 அன்று எமிரேட்ஸில் யுனைடெடுக்கு எதிராக 60,160 பேர், அப்போது லீக் வரலாற்றிலேயே அதிகம். அதே லீகில் அப்போது செல்சியின் வழக்கமான மைதானமாக இருந்த கிங்ஸ்மெடோவில் ஐயாயிரம் பேர்கூட உட்கார முடியாது. மேடு பள்ளம் அவ்வளவு. ஒப்பிடுவதானால் ஆண்களோடு வேண்டாம், 1920-ஓடு ஒப்பிடுங்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூல் நகரத்தின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் லேடீஸ் அணியைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே தங்கள் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று இங்கிலாந்து கால்பந்து சங்கம் தடை போட்டது. அரை நூற்றாண்டு அது நீடித்தது. கூட்டம் புதிதாக வரவில்லை, விரட்டியடிக்கப்பட்ட கூட்டம் திரும்பி வருகிறது.

ஹேய்ஸ் அதிர்ஷ்டக்காரர். அவ்வளவுதான்.

கேள்வியே இல்லை, இருந்தாலும் பதில் சொல்கிறேன். 2014-ல் இதே லீகில் கடைசி நாள் செல்சி முதலிடத்தோடு போய், சிட்டியிடம் தோற்று, கோல் வித்தியாசத்தில் பட்டத்தை லிவர்பூலிடம் விட்டது. அப்போதும் ஹேய்ஸ்தான். லிவர்பூலுக்குப் பயிற்சியாளர் மேட் பியர்ட், பத்து வருடம் கழித்து அந்த 4-3-ஐக் கொடுத்த அதே பியர்ட். கோல் வித்தியாசத்தின் கசப்பை முதலில் குடித்தவர் ஹேய்ஸ். இது தொடர்ந்து ஐந்தாவது பட்டம், மொத்தத்தில் ஏழாவது. கிளம்பிப்போய் மூன்றே மாதத்தில் பாரிஸில் அமெரிக்காவுக்கு ஒலிம்பிக் தங்கமும் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த சீசன் என்ன ஆயிற்று? சுருக்கமாக.

பயிற்சியாளராக சோனியா பொம்பாஸ்டோர் வந்து, செல்சி 22 ஆட்டத்திலும் தோற்காமல் 60 புள்ளியோடு பட்டம். 2023-24-ல் மூன்றாவதாக முடித்த ஆர்சனல், சாம்பியன்ஸ் லீகில் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி, 2025 மே மாதம் லிஸ்பனில் பார்சிலோனாவை 1-0 என்று வென்று ஐரோப்பிய சாம்பியன். கோல் அடித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை, அதே பிளாக்ஸ்டீனியஸ்.

சிட்டி லீகில் நான்காவது.