இரண்டு கையேடுகள் ஒன்றுபட்டால் இரண்டு சாட்சிகளா? பழைய லண்டன் நடிகரின் பிறந்த ஆண்டைத் தேடுவது

கேள்வி: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மேடைகளில் துணை வேடங்களில் நடித்த ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டு பழைய கையேடுகள் அவர் 1879இல் பிறந்தார் என்கின்றன. 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவருக்கு வயது 34. பிறப்புப் பதிவு அட்டவணையிலோ அவர் பெயரே இல்லை. எதை நம்புவது?

பதில்: கையேடுகள் ஒன்றுபடுவதை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஜான் பார்க்கர் தொகுத்து 1912இல் முதற்பதிப்பாக வெளிவந்த நாடகக் கலைஞர் கையேடு போன்றவை பெரும்பாலும் கலைஞர்களே தந்த விவரங்களைக் கொண்டு அமைந்தவை. பின்னால் வந்தவை முன்னால் வந்தவற்றைப் பார்த்து எழுதின. ஆகவே நூல் இரண்டானாலும் சாட்சி ஒருவர்தான், அந்தச் சாட்சி நடிகரே. இளைஞன் வேடம் கிடைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற தொழிலில் இரண்டு மூன்று வயதைக் குறைத்துச் சொல்வது பெரிய குற்றமாகக் கருதப்படவில்லை.

குறைத்துச் சொல்லும் நோக்கம் இல்லாதவர்களும் தவறியிருக்கிறார்கள். புகழ்பெற்ற ஆங்கில நடிகை எலன் டெர்ரி 1908இல் வெளியிட்ட தன்வரலாற்றில், தாம் கவென்ட்ரியில் 1848 பிப்ரவரி 27 அன்று பிறந்ததாக எழுதினார். பிறப்புப் பதிவு காட்டுவதோ 1847. ஆகவே 1856இல் முதன்முதலாக மேடையேறியபோது அவருக்கு எட்டு வயதன்று, ஒன்பது வயது. அவர் பிறந்த வீடு எது என்பதிலும் மார்க்கெட் தெருவின் எதிரெதிர்க் கடைகள் இரண்டும் உரிமை கொண்டாடியதை அவரே வேடிக்கையாகப் பதிவு செய்திருக்கிறார். தன் பிறப்பைப் பற்றி ஒருவர் சொல்வதும் பிறர் சொல்லக் கேட்டதுதான் என்பதை ஆய்வாளர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

இனி, அட்டவணையில் பெயர் கிடைக்காததற்கு வருவோம். மேடைப் பெயரைக் கொண்டு தேடியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். லூயிஸ் வாலர் என்று புகழ்பெற்ற நடிகரின் இயற்பெயர் வில்லியம் வாலர் லூயிஸ். அதோடு அவர் 1860இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் பிறந்தவர், எனவே இங்கிலாந்தின் மாவட்டப் பதிவேடுகளில் அவரைத் தேடுவது வீண். ஸ்காட்லாந்தில் 1855 முதலும் அயர்லாந்தில் 1864 முதலும் பிறப்புப் பதிவு தனித்தனியாக நடந்தது என்பதால் அந்த இரு இடங்களையும் பாருங்கள். இயற்பெயரைக் கண்டுபிடிக்க நல்ல வழி திருமணச் சான்றிதழும் உயில் அட்டவணையும் ஆகும். திருமணச் சான்றிதழில் தந்தையின் பெயரும் தொழிலும் இருக்கும். வயது மட்டும் சில வேளைகளில் எண்ணாக இல்லாமல் ‘முழு வயது’ (அதாவது 21 நிறைந்தவர்) என்றே எழுதப்பட்டிருக்கும். 1858 முதல் தொகுக்கப்பட்டுவரும் உயில் அட்டவணையில், இரண்டு பெயர்களில் வழங்கிய ஒருவரின் இரு பெயர்களையும் சேர்த்தே குறிப்பிடும் வழக்கம் உண்டு.

இயற்பெயர் கிடைத்ததும், பிறப்புப் பதிவு அட்டவணையில் உள்ள காலாண்டு பிறந்த காலாண்டு அன்று, பதிவு செய்த காலாண்டு என்பதை நினைவில் வையுங்கள். பதிவுக்கு 42 நாள் அவகாசம் இருந்ததால், டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் முதல் காலாண்டில் இடம்பெறலாம். ஓராண்டு வேறுபாடுகள் பல இப்படி நேர்ந்தவையே. ஒரே பெயரில் நாலைந்து பேர் கிடைத்தால், இறப்பு அட்டவணையையும் பார்த்து, குழந்தையாகவே இறந்தவர்களை அடித்துவிடுங்கள். 1866 முதல் அந்த அட்டவணையில் இறந்தவரின் வயது உண்டு என்பதால் இது எளிது. பதிவு அலுவலகத்தின் இன்றைய இணைய அட்டவணையில் தாயின் பிறந்தகத்துக் குடும்பப்பெயரும் இருப்பதால், எஞ்சியவர்களில் உங்களவர் யார் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

1911 கணக்கெடுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை இரவு எடுக்கப்பட்டது. ஞாயிறுதான் சுற்றுப்பயண நாடகக் குழுக்கள் ரயிலேறி அடுத்த ஊருக்குப் போகும் நாள். உங்கள் நடிகர் ஏதோ ஓர் ஊரின் விடுதி வீட்டில் தங்கியிருந்தால், படிவத்தை நிரப்பியவர் அந்த வீட்டுக்காரம்மாவாக இருக்கலாம். வயது அவர் கேட்டதாகவும் இருக்கலாம், பார்த்து ஊகித்ததாகவும் இருக்கலாம். படிவத்தின் படத்தைத் திறந்து, கையொப்பம் யாருடையது என்று பாருங்கள். 34 என்பது சரியென்றாலும், 1876 ஏப்ரல் 3 முதல் 1877 ஏப்ரல் 2 வரை எந்த நாளிலும் அவர் பிறந்திருக்கலாம்.

நானாக இருந்தால் 1881 ஏப்ரல் 3 அன்று எடுத்த கணக்கெடுப்பையே முதலில் தேடுவேன். அதில் வயதைச் சொன்னவர்கள் பெற்றோர். ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தாயும் மறைக்க வேண்டியதில்லை. அங்கே நான்கு என்றிருந்தால் 1911இன் கணக்கு உறுதிப்படும், 1879 அடிபட்டுப் போகும். 1921இன் படிவம் வயதை ஆண்டும் மாதமுமாகத் தரும். 1931இன் இங்கிலாந்து, வேல்ஸ் படிவங்கள் 1942இல் தீக்கிரையாகிவிட்டன. போர் தொடங்கியபோது எடுத்த 1939 தேசியப் பதிவேட்டில் முழுப் பிறந்த தேதியே உண்டு, ஆனால் அதுவும் அவர் வாய்மொழிதான்.

முதல் மேடையேற்றம் எப்போது என்பதற்கு ‘தி எரா’, ‘தி ஸ்டேஜ்’ வார இதழ்களின் விமர்சனங்களைப் பாருங்கள். அச்சிட்ட நிகழ்ச்சிநிரல் யார் நடிக்க இருந்தார் என்பதைச் சொல்லும், விமர்சனம் யார் நடித்தார் என்பதைச் சொல்லும்.

பிறப்புச் சான்றிதழ் நகல் கைக்கு வரும்வரை கட்டுரையில் ‘1876 வாக்கில்’ என்று எழுதி, 1879 என்பது கையேடுகளின் கூற்று என்பதை அடிக்குறிப்பில் தாருங்கள்.