கையில் டிராகன் இருந்தும் பள்ளிக்கூடமா?

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதால் மோனிக்வில் பிளாக்கூஸின் ‘டு ஷேப் எ டிராகன்ஸ் பிரெத்’ நாவலைப் படித்தேன். ஏமாற்றம்தான். கையில் டிராகன் இருக்கிறது. அதை வைத்து வந்தேறிகளின் ஊரைக் கொளுத்தாமல், அவர்கள் நடத்தும் டிராகன் பள்ளியிலேயே போய்ச் சேர்கிறாள் பூர்வகுடிக் கதாநாயகி அனேகஸ். இதில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது? டிராகனே ஐரோப்பியச் சரக்குதானே?

கே.

அன்புள்ள கே.,

கொளுத்தியிருந்தால் எனக்கும் பிடித்திருக்கும், ஒரு இருபது பக்கத்துக்கு. அப்புறம்? அவளிடம் இருப்பது முட்டையிலிருந்து வந்த ஒரு குஞ்சு. ஆங்கிலிஷ்காரர்களிடமோ (நாவலில் வந்தேறிகளுக்கு அதுதான் பெயர்) டிராகன்களுக்குப் பஞ்சமில்லை. அவள் பள்ளியில் தேறாவிட்டால் அவளுடைய டிராகன் கசாக்வாவைக் கொன்றுவிடுவார்கள்.

பிளாக்கூஸ் சீகாங்க் வாம்பனோக் என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்தவர். அவருடைய மக்கள் கொளுத்திப் பார்த்தவர்கள்தான். 1675இல் மெடாகாம் தலைமையில் போர் மூண்டது. குடியேறிகளின் ஊர்கள் பல எரிந்தன. அடுத்த ஆண்டு பிராவிடன்ஸ் நகரமும் எரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மெடாகாம் கொல்லப்பட்டார். அவர் தலையைக் கழியில் குத்தி பிளிமத் ஊரில் நிறுத்தினார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக அது அங்கேயே நின்றது. இந்த வரலாற்றைச் சுமக்கும் ஒருவர் எழுதும்போது, நீங்கள் கேட்கும் தீ அவ்வளவு எளிதாகப் பற்றாது.

பள்ளிக்கூடத்துக்கும் அங்கே பழைய கதை உண்டு. நோய்ப்பே தீவிலிருந்து (இன்றைய மார்த்தாஸ் வின்யார்ட்) காலெப் சீஷாடோமக் என்ற வாம்பனோக் இளைஞர் ஹார்வர்டுக்குப் போனார். லத்தீன் படித்து 1665இல் பட்டம் பெற்றார். மறு வருடமே காசநோயில் இறந்துபோனார். அனேகஸும் ஒரு தீவுப் பெண். அவள் பெட்டியைக் கட்டும்போது எனக்குக் காலெப்பின் நினைவுதான் வந்தது.

இன்னொன்று. 1663இல் பாதிரியார் ஜான் எலியட் வாம்பனோக் மக்களின் மொழியில் முழு பைபிளை அச்சிட்டார். அமெரிக்காவில் அச்சான முதல் முழு பைபிளே அதுதான். மதம் மாற்றத்தான் அச்சிட்டார், வேறெதற்கு? பிறகு மொழி பேச ஆளில்லாமல் போனது. 1993இல் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் என்ற மாஷ்பீ வாம்பனோக் பெண் அதை மீட்கும் வேலையைத் தொடங்கினார். எம்ஐடியில் மொழியியல் படித்தார். அந்த பைபிளையும் பழைய பத்திரங்களையும் வைத்துச் சொல் சொல்லாகக் கோத்தார். நூறு வருடத்துக்கு மேல் யாரும் தாய்மொழியாகப் பேசாத மொழியில் தன் மகளை வளர்த்தார். அவர் போனதும் ‘அவர்களுடைய’ பள்ளிக்கூடம்தானே, கே.? போய்த் திருடிக்கொண்டு வந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. சொந்தப் பொருளை எடுத்துவருவதற்குப் பெயர் திருட்டும் இல்லை.

டிராகன் ஐரோப்பியச் சரக்கா? சீனர்கள் சண்டைக்கு வருவார்கள். வாம்பனோக் மக்களும் சேர்ந்த அல்கோன்கிய இனங்களின் கதைகளிலும் நீருக்கடியில் வாழும் கொம்புள்ள பாம்பு உண்டு.

சரி, குறையே இல்லையா என்றால், உண்டு. அனேகஸ் எங்கேயும் தடுமாறுவதில்லை. எந்த அவமானமும் அவள் மேல் ஒட்டுவதில்லை. எல்லாக் கேள்விக்கும் நிதானமாக, நீளமாகப் பதில் வைத்திருக்கிறாள். பதினைந்து வயதில் நானெல்லாம் வாத்தியார் பெயரைக் கேட்டாலே நடுங்குவேன். எனக்கு நெருக்கமானவன் தியோட்தான். தன் மக்களிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஆங்கிலிஷ்காரர்களிடம் வேலைக்காரனாக வளர்ந்தவன். தன் இனத்தைப் பற்றிக் கேவலமாகவே கேட்டுக் கேட்டு, அதை நம்பியும்விட்டவன். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று 1879இல் தொடங்கிய கார்லைல் போன்ற விடுதிப் பள்ளிகளில் தலைமுடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்து வளர்த்த பிள்ளைகளை அவனிடம் பார்க்கலாம். நீங்கள் கடிதத்தில் அவனைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவன் வரும் பகுதிகளை மட்டும் இன்னொரு முறை படித்துவிட்டு எழுதுங்கள்.