எதிர்க்கட்சித் தலைவர் அறிவிக்கும் திட்டங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும், அவருக்கு ஆட்சி நடத்தத் தெரியுமா என்று மக்கள் சந்தேகப்படுவது நியாயமா? அதை எப்படிச் சரிபார்ப்பது?

சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தவறான இடத்தில் போய் விழுகிறது. அறிவிப்பில் உள்ள தொகையைப் பார்த்து மலைக்கிறோம், தலைவரின் பேச்சுத் தடுமாறினால் சிரிக்கிறோம். கணக்கை வெளியே வைத்தாரா, வைத்திருந்தால் அதில் எந்த இடத்தில் ஓட்டை என்று பார்ப்பவர்கள் குறைவு. பணமும் திறமையும் இரண்டு வேறு கேள்விகள். பணத்தை எண்ணிப் பார்க்க முடியும் என்பதால் அதிலிருந்து தொடங்குவோம்.

எந்த வாக்குறுதியையும் முதலில் 'யாருக்கு, எவ்வளவு, எத்தனை மாதம்' என்று உடைக்க வேண்டும். ஒரு கோடிப் பேருக்கு மாதம் 1000 என்றால் ஆண்டுக்கு 12,000 கோடி. இது பள்ளிக்கூடக் கணக்கு. சிக்கல் 'யாருக்கு' என்ற சொல்லில் இருக்கிறது. மேடையில் 'எல்லோருக்கும்' என்று கேட்பது, அரசாணை வரும்போது தகுதி வரம்போடு வரும். 2021 தமிழகத் தேர்தலில் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் என்று அறிவித்தது. 2023 செப்டம்பர் 15-இல் திட்டம் தொடங்கியபோது, ஆண்டுக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்து ஏக்கருக்கு மேல் நன்செய் இருக்கக் கூடாது, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள்தான் மின்சாரம் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. முதலில் பணம் பெற்றவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். இதை ஏமாற்று என்றோ பொறுப்பான நிர்வாகம் என்றோ அவரவர் அரசியலுக்கு ஏற்பச் சொல்லிக்கொள்ளலாம். கணக்குப் பார்ப்பவருக்கு இதில் கிடைக்கும் பாடம் வேறு. தகுதி வரம்பைச் சொல்லாத வாக்குறுதிக்கு ஒற்றைச் செலவு எண் கிடையாது. எல்லோருக்கும் கொடுத்தால் எவ்வளவு, பாதிப் பேருக்குக் கொடுத்தால் எவ்வளவு என்று இரண்டு எண்களாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதே திட்டம் இன்னொன்றையும் காட்டுகிறது. 2023-24 பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கியது 7,000 கோடி. அடுத்த ஆண்டு 13,720 கோடி. செலவு திடீரென்று இரட்டிப்பாகிவிடவில்லை. முதல் ஆண்டில் ஏழு மாதங்களுக்குத்தான் பணம் போனது. ஆகவே எந்தத் திட்டத்துக்கும் முதல் ஆண்டு எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டு மாதமும் முழுமையாக ஓடும் ஆண்டின் எண்ணைக் கேளுங்கள்.

ஓய்வூதிய வாக்குறுதிகளில் இந்தத் தந்திரம் இன்னும் நுட்பமானது. பழைய ஓய்வூதியத் திட்டத்துக்குத் திரும்புவோம் என்று சொல்லும் கட்சிக்கு முதல் சில ஆண்டுகளில் செலவே இருக்காது. ஊழியர் கணக்கில் மாதாமாதம் அரசு கட்டிவந்த பங்களிப்பு நின்றுபோவதால் பணம் மிச்சமாவதுபோலக்கூடத் தெரியும். இந்தியாவில் 2004 வாக்கில் புதிய திட்டத்தின்கீழ் வேலையில் சேர்ந்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் ஓய்வுபெறத் தொடங்குவது 2030-களின் நடுவில்தான். சுமை அப்போது இறங்கும். வாக்குறுதி கொடுத்தவர் அதற்குள் எத்தனை தேர்தலைக் கடந்திருப்பார்! ஐந்தாண்டுச் செலவைக் காட்டி 'பார்த்தீர்களா, சின்னத் தொகைதான்' என்று யாராவது சொன்னால், இருபதாவது ஆண்டின் எண் என்ன என்று கேட்பதே சரி. கடன் தள்ளுபடி இதற்கு நேர் மாறு. ஒரு முறை நடக்கும் செலவு என்பார்கள், ஆனால் வங்கிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அரசு அதைத் தவணையாகக் கட்டினால் அடுத்தடுத்த பட்ஜெட்டுகளிலும் அது உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது வரவுப் பக்கம். 'வீண் செலவைக் குறைப்போம்', 'வரி ஏய்ப்பைப் பிடிப்போம்', 'வளர்ச்சி வந்தால் வருவாய் தானாக வரும்' ஆகிய மூன்றும் உலகம் முழுக்க எதிர்க்கட்சிகள் பாடும் ஒரே பல்லவி. முதலாவதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அரசின் வருவாய்ச் செலவிலிருந்து, அதாவது அன்றாடச் செலவிலிருந்து, சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றையும் கழியுங்கள். இவற்றை நினைத்த மாத்திரத்தில் வெட்ட முடியாது. மீதியிலிருந்து, அதே கட்சி கைவைக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கும் மானியங்களையும் கழியுங்கள். மிஞ்சும் தொகையில் எத்தனை சதவீதத்தை வெட்டினால் புதிய வாக்குறுதிக்குக் காசு வரும் என்று பாருங்கள். முப்பது, நாற்பது சதவீதம் என்று வந்தால் அந்த 'வீண் செலவு' கற்பனை. வரி ஏய்ப்பைப் பிடித்துக் கிடைக்கும் பணத்தை முதல் ஆண்டிலேயே முழுதாக வரவில் எழுதுவதும் தவறு. ஆள் எடுக்க வேண்டும், வழக்குகள் முடிய வேண்டும், பிறகுதான் பணம். வளர்ச்சியால் வரும் கூடுதல் வருவாயோ பல நேரம் ஏற்கெனவே உள்ள பட்ஜெட் மதிப்பீட்டிலேயே சேர்ந்திருக்கும். அதை மறுபடி எண்ணினால் ஒரே காசை இரண்டு முறை செலவழித்ததாகும்.

ஒரே சேமிப்பை வெவ்வேறு கூட்டங்களில் வெவ்வேறு திட்டத்துக்கு ஒதுக்குவதும் நடக்கும். ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டு, மாட்டைத் தூக்கி ஆட்டில் போடும் இந்த வேலையைக் கண்டுபிடிக்கத் தேர்தல் அறிக்கையை மட்டும் படித்தால் போதாது. தலைவரின் பேட்டிகளில் 'இதற்கு அந்தப் பணம்' என்று சொன்ன இடங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வரவு ஆதாரத்துக்கும் நேரே எத்தனை செலவு வந்து நிற்கிறது என்று எண்ண வேண்டும். கடன் வாங்கிச் செய்வோம் என்று நேர்மையாகச் சொன்னால் வட்டியைச் சேருங்கள். 50,000 கோடிக் கடனுக்கு 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 3,500 கோடி, அசல் தனி.

இந்தியாவில் இதற்கான ஆவணங்கள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. மாநில பட்ஜெட் புத்தகங்கள் இருக்கின்றன. மாநிலங்களின் மாதாந்திர வரவு செலவைத் தணிக்கைத் துறை வெளியிடுகிறது. மாநில நிதிநிலை குறித்து ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் ஆய்வு வெளியிடுகிறது. வாக்குறுதிக்கான பணம் எப்படித் திரட்டப்படும் என்பதைக் கட்சிகள் பொதுவாகவாவது குறிப்பிட வேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகளும் சொல்கின்றன; 2013-இல் உச்ச நீதிமன்றம் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு வந்த விதி அது. கட்சிகள் எழுதும் 'சிக்கன நடவடிக்கைகள் மூலம்' என்ற ஒற்றை வரிக்கு மேல் அது போவதில்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவும் எதிர்க்கட்சியைச் சந்தேகிக்கும் முறை. ஆளுங்கட்சி 'அவர்கள் கணக்கில் இத்தனை ஆயிரம் கோடி ஓட்டை' என்று சொன்னால் அதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2017-இல் நியூசிலாந்தின் நிதியமைச்சர் ஸ்டீவன் ஜாய்ஸ், எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் திட்டத்தில் 11.7 பில்லியன் டாலர் பள்ளம் இருப்பதாகச் சொன்னார். பொருளாதார வல்லுநர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஏற்கெனவே அறிவித்தவை போக புதிய செலவுக்கு அந்தத் திட்டத்தில் இடம் மிகக் குறைவு என்பதுதான் அவர்கள் சொன்ன உண்மையான குறை. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது 'கூட்டல் தெரியாதவர்கள்' என்ற குற்றச்சாட்டு. இரண்டாவது 'இந்தக் கணக்கில் நிற்க முடியுமா' என்ற கேள்வி. அந்தத் தேர்தலுக்குப் பின் தொழிற்கட்சித் தலைவர் ஜெசிந்தா ஆர்டென் கூட்டணி ஆட்சி அமைத்தார்.

இன்னொரு சூழ்ச்சி, எண்ணை நீட்டிக் காட்டுவது. ஆண்டுக்கு 4,000 கோடி செலவாகும் திட்டத்தை எதிர்ப்பவர்கள் '20,000 கோடி' என்பார்கள், ஐந்தாண்டுக் கூட்டுத்தொகை என்ற சொல்லை விழுங்கிவிட்டு. ஆதரிப்பவர்கள் ஆண்டுக் கணக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. எந்த எண்ணைக் கேட்டாலும் எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டுவிட்டுத்தான் வாதத்தில் இறங்க வேண்டும்.

எதிர்க்கட்சி உண்மையிலேயே சறுக்கிய கதையும் உண்டு. 2010 ஆஸ்திரேலியத் தேர்தலில் டோனி அபாட் தலைமையிலான கூட்டணி, தன் வாக்குறுதிகளை அரசுக் கருவூலத்தின் சோதனைக்குக் கொடுக்கவில்லை. அங்கிருந்து தகவல் கசிகிறது என்று காரணம் சொல்லி, தனியார் கணக்காயர்களிடம் கொடுத்தது. முடிவில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஆதரவு கேட்கப்பட்ட சுயேச்சை உறுப்பினர்கள் கருவூலக் கணக்கை வலியுறுத்தினார்கள். வந்த கணக்கில் கட்சி சொன்ன சேமிப்புக்கும் கருவூலம் கண்டதற்கும் 7 முதல் 11 பில்லியன் டாலர் வரை வித்தியாசம். ஆட்சி அப்போதைய பிரதமர் ஜூலியா கில்லார்டிடமே நின்றது. அதன்பின் 2012-இல் அங்கே நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் வந்தது. இப்போது எதிர்க்கட்சிகள் தங்கள் திட்டத்தை முன்கூட்டியே, வெளியே தெரியாமலே கொடுத்துச் செலவு மதிப்பீடு வாங்கலாம். தேர்தலுக்குப் பின் பெரிய கட்சிகளின் வாக்குறுதிகள் அனைத்துக்கும் அந்த அலுவலகம் கணக்கு வெளியிடும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் நாட்டின் நிதி நிலையை அதிகாரிகளே அறிக்கையாக வெளியிட வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. வென்ற பிறகு 'வந்து பார்த்தால் கஜானா காலி' என்று கையை விரிப்பதை அது கொஞ்சம் கடினமாக்குகிறது.

அப்படியானால் விரிவாகக் கணக்குக் கொடுப்பவருக்கு மக்கள் பரிசு தருவார்களா? பெரும்பாலும் இல்லை. 1992-இல் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பிரிட்டன் தொழிற்கட்சியின் நிழல் நிதியமைச்சர் (நிதி விஷயங்களில் எதிர்க்கட்சியின் பேச்சாளர்) ஜான் ஸ்மித், தேர்தலுக்கு முன்பே ஒரு நிழல் பட்ஜெட்டை வெளியிட்டார். எந்த வரி ஏறும், எது எதற்குப் போகும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆளுங்கட்சியின் 'வரி வெடிகுண்டு' பிரசாரத்துக்கு அதுவே தீனியானது. கட்சித் தலைவர் நீல் கின்னக் தோற்றார். ஐந்தாண்டு கழித்து அதே கட்சியின் நிழல் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் எதிர்த் திசையில் போனார்: முதல் இரண்டு ஆண்டுகள் அப்போதைய அரசின் செலவு வரம்பையே பின்பற்றுவோம், வருமான வரி விகிதத்தை உயர்த்த மாட்டோம் என்றார். கட்சி பெருவெற்றி பெற்றது. தோல்விக்கும் வெற்றிக்கும் வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் எல்லாக் கட்சிகளும் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே: எண்ணைச் சொன்னால் அடி விழும். நம் சந்தேகம் கணக்குச் சொன்னவரையே அதிகம் தாக்கினால், அடுத்த தேர்தலில் யாரும் கணக்குச் சொல்ல மாட்டார்கள்.

இனி திறமை. 'ஆட்சி அனுபவம் இல்லை' என்பது கேட்க வலுவான வாதம், ஆனால் வரலாறு அதற்குப் பெரிதாகத் துணை நிற்கவில்லை. பிரிட்டனில் டோனி பிளேரும் டேவிட் கேமரனும் பிரதமராகும் முன் ஒரு நாள்கூட அமைச்சராக இருந்ததில்லை. 2014 முதல் அமைச்சரவையில் இருந்து பிரதமரான லிஸ் டிரஸ், 2022 செப்டம்பர் 23-இல் அவருடைய நிதியமைச்சர் சுயேச்சையான மதிப்பீடு இல்லாமல் அறிவித்த வரிக்குறைப்பால் சந்தையை ஆட்டங்காணச் செய்து, அக்டோபர் 20-இல் பதவி விலகலை அறிவித்தார். அனுபவத்தைவிட நம்பத்தகுந்த அறிகுறிகள் வேறு. மானியக் கோரிக்கை விவாதங்களில் (துறைவாரியான செலவுக்கு அவையின் அனுமதி கேட்கும் விவாதங்களில்) எதிர்க்கட்சித் தலைவரின் கட்சி வைத்த வெட்டுத் தீர்மானங்களில், அதாவது ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோரும் தீர்மானங்களில், எண் இருந்ததா, கோஷம் மட்டுமா? இந்திய நாடாளுமன்றத்தில் 1967 முதல், அரசுச் செலவு பற்றிய தணிக்கை அறிக்கைகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவின் தலைமை மரபாக எதிர்க்கட்சிக்கே தரப்படுகிறது. அந்த இடத்துக்குக் கட்சி யாரை அனுப்பியது, அவர் தணிக்கை அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்டாரா? நிதி பற்றிப் பேசத் தலைவரைத் தவிர இன்னொருவர் கட்சியில் இருக்கிறாரா, அவரும் தலைவரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியிலேயே பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள்.

பின்வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-இல் ஆண்டுக்கு 28 பில்லியன் பவுண்டு பசுமை முதலீடு என்று அறிவித்த பிரிட்டன் தொழிற்கட்சி, வட்டி விகிதம் ஏறியதைக் காரணம் காட்டி 2024 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. 'நிலையில்லாதவர்' என்று கட்சித் தலைவர் கெயர் ஸ்டார்மரைத் திட்டினார்கள். ஆனால் அவர் பின்வாங்கியது வாக்குப்பதிவுக்கு முன்பு, வாக்காளருக்குத் தெரிந்தே. 2010-இல் அதே நாட்டின் லிபரல் ஜனநாயகக் கட்சித் தலைவர் நிக் கிளெக், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்பேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கூட்டணி ஆட்சியில் துணைப் பிரதமராகி, உச்சவரம்பை ஏறக்குறைய மூன்று மடங்காக்கி 9,000 பவுண்டுக்கு உயர்த்த உடன்பட்டார். 2015-இல் அவர் கட்சி 57 இடங்களிலிருந்து 8-க்குச் சரிந்தது. முதல் வகைப் பின்வாங்கலுக்குப் பாதி மதிப்பெண்ணாவது கொடுக்கலாம். இரண்டாவதற்குக் கொடுக்க எதுவும் இல்லை.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு அமைப்பு போட்டுக் கொடுத்தால் போதுமே என்று தோன்றலாம். நெதர்லாந்தில் 1986 முதல் மத்தியத் திட்டக் குழு என்ற அரசு ஆய்வு அமைப்பு, விரும்பும் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளுக்குச் செலவும் விளைவும் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2023-இல் கேர்ட் வில்டர்ஸின் கட்சி அதற்குத் தன் அறிக்கையைக் கொடுக்கவே இல்லை. அந்தத் தேர்தலில் 37 இடங்களோடு முதலிடம் பிடித்ததும் அந்தக் கட்சிதான்.