சீட்டு கேட்கும் மருந்தாளுநர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மருந்துக்கடைகளைப் பற்றிக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புகார்கள். புகார்களுக்குள்தான் நல்ல கேள்விகள் ஒளிந்திருந்தன என்பதால் அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பல வருடமாக ஒரே கடையில் மருந்து வாங்குகிறேன். காய்ச்சல் என்றால் அண்ணாச்சியே ஆன்டிபயாடிக் எடுத்துக் கொடுப்பார். இப்போது அவர் மகன் கல்லாவில் உட்கார்ந்ததும் டாக்டர் சீட்டு கேட்கிறார். இது என்ன புதுப் பழக்கம்?
— திருநெல்வேலி வாசகர்

பழக்கம்தான் புதிது, சட்டம் பழையது. ஆன்டிபயாடிக் மாத்திரைகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது மருந்து விதிகளில் நெடுங்காலமாக இருக்கிறது. போதாதென்று 2014 மார்ச் 1 முதல் 'ஷெட்யூல் எச்1' என்ற தனிப் பட்டியலும் நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், தூக்க மாத்திரைகளில் சில ஆகியவை அதில் அடங்கும். இவற்றை விற்றால் மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அண்ணாச்சி செய்யாமல் விட்டதை மகன் செய்கிறார்.

நம் ஊர்க் காய்ச்சல்களில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கும், பெயர் மாத்திரைக்குப் போகும். இதற்கிடையே உங்கள் உடலில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிடுகின்றன. பழகிய கிருமி உங்களோடு நிற்காது. வீட்டில் உள்ளவருக்கும் பக்கத்துப் படுக்கை நோயாளிக்கும் போகும். ஒருவர் வாங்கும் இரண்டு மாத்திரை பொதுச் சுகாதாரத்தின் விஷயமாவது இப்படித்தான். டெங்கு பரவும் மாதங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கேட்காமலே கூடச் சேர்த்துக் கொடுக்கப்படும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைத் தூண்டக்கூடியவை.

ஆனால் மகனின் நிலைமையையும் பாருங்கள். அவர் மறுத்தால் நீங்கள் தெருமுனைக் கடைக்குப் போவீர்கள், அங்கே கொடுப்பார்கள். நியாயமாக நடப்பவருக்கே நஷ்டம் என்ற இந்த ஏற்பாட்டை மாற்றாமல் எத்தனை பட்டியல் போட்டாலும் பலன் குறைவு. கேரளத்தில் 2024இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று பெயர் வைத்து, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைத் தேடிச் சோதனை நடத்தினார்கள். எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் மறுத்தால்தான் மறுப்பவர் பிழைப்பார் என்பதை அங்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள். டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட வேண்டியவருக்குச் சீட்டு வாங்குவது எளிதல்ல என்பதும் உண்மை. மாலையில் திறந்திருக்கும் அரசு மருத்துவமனைகள் பெருகாதவரை கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை.

என் மனைவிக்குக் காசநோய். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை. மருந்து வாங்கிய கடையிலிருந்து தகவல் போய், சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்துவிட்டார். எங்கள் அந்தரங்கத்தைக் கடைக்காரர் வெளியே சொல்லலாமா?
— சேலம் வாசகர்

உங்கள் வருத்தம் புரிகிறது. காசநோய் என்றாலே பெண்ணின் வாழ்க்கை முடிந்தது என்று பேசும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அவர் சொன்னது ஊருக்கு அல்ல, சுகாதாரத் துறைக்கு. அப்படிச் சொல்வது அவர் கடமை. காசநோயாளிகளைப் பற்றி மருத்துவர்களும் ஆய்வகங்களும் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் இருக்கிறது. 2018 மார்ச்சில் வந்த மத்திய அரசின் அறிவிப்பு மருந்துக்கடைகளையும் அதில் சேர்த்தது. தெரிவிக்காமல் விட்டால் தொற்று பரவக் காரணமானதாகக் குற்றவியல் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்கவும் அதில் இடம் உண்டு. அவர் உங்கள் பக்கத்து வீட்டாரிடம் பேசியிருந்தால் அது வேறு. அப்போது புகார் கொடுங்கள், நானும் உங்கள் பக்கம்.

வந்த பணியாளரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தனியாரிடம் சிகிச்சை பெற்றாலும் சத்துணவுக்கான உதவித்தொகை உண்டு. மாதம் 500 ரூபாயாக இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களைப் பரிசோதித்துத் தேவையானால் தடுப்பு மருந்து தருவார்கள். கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகையா என்று பார்க்கும் சோதனையும் இலவசம்.

அந்தக் கடைக்காரரை இன்னொரு காரணத்துக்காகவும் பகைத்துக்கொள்ள வேண்டாம். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து. இரண்டாம் மாதம் இருமல் நின்றுவிடும், எடை ஏறும், 'சரியாகிவிட்டதே' என்று பலர் நிறுத்திவிடுவார்கள். மருந்துக்குப் பணியாத காசநோய் உருவாகும் வழிகளில் இது முக்கியமானது. தனியார் சிகிச்சையில் இருப்பவர் இந்த மாதம் மருந்து வாங்க வரவில்லை என்பது மருத்துவருக்கு உடனே தெரியாது, அரசுக்கும் தெரியாது. கவுன்டருக்குப் பின்னால் நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் ஒரு போன் செய்து 'அக்கா, இந்த மாத மாத்திரை வாங்கவில்லையே' என்று கேட்டால் அதற்கு மேல் ஒரு பொதுச் சுகாதாரப் பணி இல்லை. அப்படிக் கேட்பதற்கு அவருக்கு யாரும் ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை என்பது நம் திட்டங்களில் உள்ள ஓட்டை.

முதல்வர் மருந்தகத்தில் சர்க்கரை மாத்திரையின் விலை வெளிக்கடையில் பாதிகூட இல்லை. இவ்வளவு மலிவாக இருந்தால் தரம் எப்படி இருக்கும்?
— மயிலாடுதுறை வாசகி

மலிவுக்குக் காரணம் மருந்தில் இல்லை, மருந்தைச் சுற்றி நடப்பதில் இருக்கிறது. பிராண்டை மருத்துவர் மனத்தில் பதிய வைக்கும் செலவு, மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி பங்கு எல்லாம் சேர்ந்தே அட்டையில் விலையாக ஏறுகிறது. 2025 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்களுக்கும், 2008இல் தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களுக்கும் மாத்திரை செய்பவர்கள் அதே உரிமத்தின் கீழ், அதே தர அளவுகோலுக்குத்தான் செய்ய வேண்டும். தரமற்றவை என்று மத்திய மருந்து தரக்கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். பெரிய பிராண்டுகளும் அதில் வந்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட அனுபவமும் உண்டு. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் மூலம் மொத்தமாக வாங்கி, மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறியதை மட்டும் அரசு மருத்துவமனைகளுக்கு விடுகிறது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் போன முறை அது.

ஒரே ஒரு எச்சரிக்கை: வலிப்புக்கும் தைராய்டுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாற்ற வேண்டாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

இருமல் சிரப் விவகாரத்துக்குப் பிறகு குழந்தைக்கு எதையும் வாங்கப் பயமாக இருக்கிறது. மருந்தாளுநர் படித்தவர்தானே, கெட்ட சிரப்பை அவரால் கண்டுபிடிக்க முடியாதா?
— கோவை வாசகி

முடியாது. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்துவாராவில் குழந்தைகளின் உயிரைப் பறித்த கோல்ட்ரிஃப் சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலையில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். இந்த நச்சு நிறமில்லாதது, இனிப்பானது, குழைவானது. சிரப்பில் கலந்தால் நாக்கும் கண்ணும் காட்டிக்கொடுக்காது. சிறுநீரகம் நின்ற பிறகுதான் தெரியும். 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் இதே பொருளால் இறந்தார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் கலந்து 14 பேரைக் கொன்றது. கதை பெரும்பாலும் ஒன்றுதான்: வாங்கிய கரைப்பான் பீப்பாயில் இந்த நச்சு இருக்கிறதா என்று சோதிக்காமல் மருந்தில் ஊற்றியிருப்பார்கள். இதைத் தடுக்க வேண்டிய இடம் தொழிற்சாலை. தடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டியவர் மருந்து ஆய்வாளர்.

மருந்தாளுநரால் முடிந்தது வேறு. கோல்ட்ரிஃபில் இருந்த குளோர்ஃபெனிரமைன், ஃபினைல்எஃப்ரின் கூட்டை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே எச்சரிக்கை வந்தது. 2025 அக்டோபரில், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்தே வேண்டாம், ஐந்து வயது வரை பொதுவாகத் தவிர்க்கவும் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் சொன்னது. குழந்தையின் வயதைக் கேட்டு 'இது வேண்டாம்மா' என்று சொல்ல ஒருவர் கடையில் இருந்திருந்தால், நஞ்சு கலந்திருந்தாலும் பல பாட்டில்கள் வீடு போய்ச் சேர்ந்திருக்காது. இன்னொன்று, பில். பேட்ச் எண் போட்ட பில் இருந்தால்தான் கெட்ட சரக்கு யார் கைக்குப் போனது என்று தேடித் திரும்பப் பெற முடியும். பில் கேட்டு வாங்குங்கள்.

குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிப்பு. யாரிடம் சொல்வது?
— வேலூர் வாசகர்

முதலில் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம். பிறகு 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில். 2010இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் இது. நோயாளியே தெரிவிக்கலாம், மருந்தாளுநர் மூலமும் தெரிவிக்கலாம்.

அவசரக் கருத்தடை மாத்திரை பல கடைகளில் 'இல்லை' என்கிறார்கள். தமிழ்நாட்டில் தடை இருக்கிறதா?
— பெயர் வேண்டாம், சென்னை

சட்டப்படி தடை இல்லை. லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் மாத்திரையைச் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்பது நாடு முழுவதற்குமான விதி. இருந்தும் நம் மாநிலத்தில் பல கடைகள் வருடக்கணக்காக அதை வாங்கி வைப்பதே இல்லை. கேட்டால் 'பிரச்சினை வரும்' என்பார்கள். என்ன பிரச்சினை, யாரிடமிருந்து என்றால் பதில் வராது. சீட்டு வேண்டிய ஆன்டிபயாடிக் சீட்டில்லாமல் கிடைக்கிறது. சீட்டு வேண்டாத இந்த மாத்திரை சீட்டோடு போனாலும் கிடைப்பதில்லை. பெண் வெட்கத்தோடு கேட்பதை மறுப்பது எளிது என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை விரைவாக எடுக்க வேண்டும். ஏற்கெனவே உருவான கருவை இது கலைக்காது. அடிக்கடி எடுப்பதற்கானதும் அல்ல. கடையில் மறுத்தால் நேரத்தை வீணாக்காமல் அரசு மருத்துவமனையின் குடும்பநலப் பிரிவுக்குப் போங்கள்.

இங்கிலாந்தில் மருந்தாளுநரே சில நோய்களுக்கு மருந்து கொடுக்கிறாராம். இங்கேயும் அப்படிச் செய்தால் ஆஸ்பத்திரிக் கூட்டம் குறையாதா?
— பி.பார்ம் மாணவர், மதுரை

2024 ஜனவரி 31 அன்று அங்கே அந்தத் திட்டம் தொடங்கியது. தொண்டை வலி, காது வலி, பெண்களின் சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று என்று ஏழு கோளாறுகள். அங்கே மருந்தாளுநருக்கு நான்கு ஆண்டுப் படிப்பு, அதன்மேல் ஓராண்டுப் பயிற்சி. இங்கே பெரும்பாலான கடைகளில் இருப்பது டி.பார்ம் என்ற இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. ஆனால் படிப்பு பெரிய தடையல்ல, அதைக் கூட்டிக்கொள்ளலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பணம் எந்த வழியாக வருகிறது என்பதை. அங்கே ஒருவரை உட்கார வைத்துப் பேசி, 'மருந்து தேவையில்லை, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள்' என்று அனுப்பினாலும் அந்த ஆலோசனைக்கு அரசு கட்டணம் தருகிறது. இங்கே மருந்து விற்றால்தான் கடைக்கு வருமானம். விற்பவர் கையிலேயே எழுதும் பேனாவையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இப்போதைக்கு நான் அதற்கு எதிர். 2015இல் வந்த மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் வேலையாகவே எழுதி வைத்திருக்கின்றன. அதற்கான ஊதியத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

என் விருப்பம் சிறியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதன் கணக்குக்குள் தனியார் கடையில் மாத்திரை வாங்குபவர்களையும் சேர்க்கலாம். கடையில் இரத்த அழுத்தம் பார்த்துப் பதிவு செய்தால், மருந்தை நிறுத்தியவரைத் திரும்ப அழைத்து வந்தால், தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கட்டும். விற்காததற்கும் வருமானம் உண்டு என்று ஆன பிறகு ஏழு நோய்களைப் பற்றிப் பேசலாம்.

டி.பார்ம் முடித்திருக்கிறேன். 'சான்றிதழை மட்டும் கொடு, வேலைக்கு வர வேண்டாம், மாதம் பணம் வந்துவிடும்' என்கிறார் ஒரு கடை உரிமையாளர். ஒப்புக்கொள்ளலாமா?
— விழுப்புரம் வாசகி

வேண்டாம் அம்மா. பதிவு பெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறொருவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆவது பிரிவு சொல்கிறது. அங்கே தவறான மாத்திரை கொடுக்கப்பட்டு ஒருவருக்கு ஏதாவது ஆனால் சுவரில் தொங்குவது உங்கள் பெயர். பதிவும் போகும். இந்தப் பத்தியில் மேலே சொன்ன வேலைகள் எல்லாம், வயதைக் கேட்பது, சீட்டைப் பார்ப்பது, வராதவரை விசாரிப்பது, ஆள் அங்கே நின்றால்தான் நடக்கும். சம்பளம் குறைவாக இருக்கிறது என்றால் அதற்காகச் சண்டை போடுங்கள். கடைக்கு வந்து நின்றுகொண்டு போடுங்கள்.

பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டிக் கொடுக்கிறார்கள். காலாவதித் தேதி தெரியவில்லையே?
— தஞ்சாவூர் வாசகர்

தேதி அச்சிட்ட பக்கம் கடையில் இருக்கட்டும் என்று எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டுவார்கள். வெட்டும் முன் முழு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.