ஆசிட்டுல போட்டா கிராஃபீன் வருமா?

கேள்வி: பென்சில்ல இருக்குற கிராஃபைட்ட டேப் ஒட்டி உரிச்சே நோபல் வாங்கிட்டாங்களாமே, அப்ப ஆசிட்டுல போட்டு கிலோ கணக்குல எடுக்க வேண்டியதுதானே?

பதில்: எடுக்குறாங்களே! ஆனா வர்றது அசல் கிராஃபீன் (ஒரே ஒரு அணு தடிமன்ல இருக்குற கார்பன் ஏடு) இல்ல, அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. மான்செஸ்டர்ல கைமும் நோவோசெலோவும் டேப்ல உரிச்சது 2004ல, ஆசிட் வழி அதுக்கு ரொம்ப முன்னாடியே உண்டு. 1958ல ஹம்மர்ஸும் ஆஃப்மனும் சொன்ன முறைதான் இன்னிக்கும் நிறைய லேப்ல ஓடுது. கிராஃபைட் பவுடர், சோடியம் நைட்ரேட், அடர் சல்ஃப்யூரிக் ஆசிட் மூணையும் ஐஸ் மேல வச்சுக்கிட்டு பொட்டாசியம் பெர்மாங்கனேட்ட சிட்டிகை சிட்டிகையா போடணும் (மொத்தமா கொட்டி சூடாச்சுன்னா வெடிச்சிரும், இதுல விளையாட்டே வேணாம்). ஆக்சிஜன் உள்ள பூந்து, 0.335 நானோமீட்டரா இருந்த லேயர் இடைவெளிய கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக்கிடும், அப்புறம் தண்ணில அல்ட்ராசவுண்ட் குடுத்தா ஏடு ஏடா கழண்டு வந்துரும். அது கிராஃபீன் ஆக்சைடு, அதுல கரண்ட் ஓடாது.

கேள்வி: அந்த ஆக்சைட ஹைட்ரஸின் போட்டு ரெட்யூஸ் பண்ணேன் சார், கறுப்பாயிடுச்சு, ஆனா ராமன்ல டி பீக் குறையவே மாட்டேங்குது. நான் எங்க தப்பு பண்ணேன்? (எம்.எஸ்சி. மாணவி)

பதில்: தப்பு உங்க மேல இல்லம்மா. ராமன்ங்கிறது லேசர் ஒளி பட்டு சிதறுறத பாக்குற சோதனை, அதுல டி பீக்னா கார்பன் வலையில குறை இருக்குன்னு அர்த்தம். ஆக்சிடைஸ் பண்றப்பவே கார்பன் வலையில அங்கங்க கார்பன் டை ஆக்சைடா போயி ஓட்டை விழுந்துருது, ஹைட்ரஸின் ஆக்சிஜனத்தான் கழட்டும், ஓட்டைய அடைக்காது. ஹைட்ரஸின் விஷம் வேற, அதுக்குப் பதிலா வைட்டமின் சி போட்டாலும் வேலை நடக்கும். 2010ல ரைஸ் யுனிவர்சிட்டில ஜேம்ஸ் டூரோட ஆராய்ச்சிக் குழு சோடியம் நைட்ரேட்ட எடுத்துட்டு பாஸ்பாரிக் ஆசிட் சேத்தாங்க, விஷ வாயு வராது, வலையும் அவ்வளவா கெடாது, அடுத்த பேட்ச் அப்படிப் போட்டுப் பாருங்க. சிப்புல வைக்கிற தரம் வேணும்னா ஆசிட்ட மறந்துடுங்க, சுமார் 1000 டிகிரில செப்புத் தகடு மேல மீத்தேன விட்டு வளக்கணும், 2009ல டெக்சாஸ்ல ருவாஃப் குழு அப்படித்தான் பெரிய ஷீட்டா எடுத்துச்சு. என்ன, அப்புறம் செப்பக் கரைச்சு ஷீட்டு கிழியாம எடுக்குறதுக்குள்ள உயிர் போயிடும்.

கேள்வி: மிக்ஸில அரைச்சா வருமா?

பதில்: சிரிக்காதீங்க, வரும். 2014ல டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல கோல்மன் குழு கிச்சன் பிளெண்டர்ல கிராஃபைட்டும் தண்ணியும் பாத்திரம் கழுவுற லிக்விடும் ஊத்தியே காட்டுனாங்க. துணுக்கு பொடிசு, சிலதுல பல லேயர் ஒட்டிக்கிட்டு இருக்கும், ஆனா ஆக்சிஜன் ஏறாததால வலை கெடாது. ஒண்ணு, அந்த மிக்ஸில அப்புறம் சட்னி அரைக்க முடியாது.