பதில்: பிளட் இன்கான்டேஷன் எனக்கு ஏன் ஒட்டவில்லை?

நண்பரே, பிளட் இன்கான்டேஷன் என்ற அமெரிக்க டெத் மெட்டல் குழுவின் 'அப்சலூட் எல்ஸ்வேர்' (2024) ஆல்பத்தை மூன்று முறை கேட்டும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது, நடுவில் கீபோர்டு வந்ததும் தூக்கம் வருகிறது, என் காதில்தான் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். காதில் ஒன்றுமில்லை. முதலில் பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணையுங்கள்.

ஆல்பத்தில் இருப்பதே 'தி ஸ்டார்கேட்', 'தி மெசேஜ்' என்று இரண்டு பாட்டுதான், ஒவ்வொன்றும் சுமார் இருபது நிமிடம். செயலிகளில் அது பாட்டுக்கு மூன்று பகுதியாக, ஆறு துண்டாக வருவதால் வரிசை கலைந்தால் கதை கந்தல். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததைக் கலந்துவிடும் கிராஸ்ஃபேடு இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

அப்புறம் அந்தக் கீபோர்டு. 'தி ஸ்டார்கேட்' இரண்டாம் பகுதியில் கீபோர்டு, சிந்தசைசர் இசைக்குப் பேர்போன ஜெர்மன் குழு டேஞ்சரின் ட்ரீமின் தோர்ஸ்டன் க்வேஷ்னிங்கே வந்து வாசிக்கிறார். பதிவும் பெர்லினின் ஹான்ஸா ஸ்டுடியோவில். ஆக அது இடைவேளை நிரப்பல் இல்லை. அந்த அமைதி நீள நீள, மூன்றாம் பகுதியின் அடி இடி மாதிரி விழும். இரவில், ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் செத்துவிடும்.

'தி மெசேஜ்' நடுவில் உறுமலை விட்டு மென்மையாகப் பாடும் இடம் மட்டும் எனக்கும் கொஞ்சம் பழைய ஆங்கில ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் நகல் போலத்தான் படுகிறது. ரசிகர்கள் அடிக்க வருவார்கள், வரட்டும்.

இதற்குப் பிறகும் பிடிக்கவில்லையா? சரி, விடுங்கள். அவர்களுடைய 2019 ஆல்பத்துக்குப் போங்கள். நாலே பாட்டு, கீபோர்டு குறைவு, கிட்டார் நிறைய. கடைசிப் பாட்டு மட்டும் பதினெட்டு நிமிடம், டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.